சத்தத்தை முதலில் செய்யுங்கள்



2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம்முடைய செஞ்சி. அதற்குப் பிறகு, கேம் ஜாமில் சேரப்போகிறோம் என்று என்னிடம் யோசனை கேட்க வருகிற பிள்ளைகள் பலரும் ஒரே ஆசையோடு வருகிறார்கள். "அண்ணா, செஞ்சி ராஜகிரிக் கோட்டையை அப்படியே த்ரீடியில கட்டப்போறோம்." மதில் வேண்டும், களஞ்சியம் வேண்டும், கல்யாண மகால் வேண்டும், உச்சிக்குப் போகிற வழியில் பிளவுக்கு மேலே கிடக்கிற பாலமும் வேண்டும். கையில் இருப்பதோ வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை.

நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். "உன் விளையாட்டில் காலை எடுத்து வைத்தால் என்ன சத்தம் வரும்?"

"அதை எங்கயாவது டவுன்லோடு பண்ணிக்கலாம்ணா."

இந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. இன்றைக்கு நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான். கேம் ஜாம் எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு தலைப்பு கொடுப்பார்கள், கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், நேரம் முடிவதற்குள் ஆடக்கூடிய ஒரு விளையாட்டைச் செய்து ஏற்றிவிட வேண்டும். படம் வரைவது எப்படி, நிரல் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். வானொலியில் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான விஷயம் வேறு எது?

ஜாமில் கலந்துகொள்கிறவர்கள் சத்தத்தைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். அந்த மணி நேரம் வரும்போது கண் எரிகிறது, பிழைகள் இன்னும் தீரவில்லை, எங்கிருந்தோ ஒரு பாட்டை எடுத்து அடியில் ஓடவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இப்போது ஏ.ஐ.யிடம் "சோகமான போர் இசை" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது, அதுதான் நாகரிகம் என்றும் ஆகிவிட்டது. வருகிற இசை கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் உங்கள் விளையாட்டில் ஆடுகிறவரின் விரல் என்ன செய்கிறது என்று அந்த இசைக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: சத்தத்தை முதலில் செய்யுங்கள். முதல் மணி நேரத்தில், ஒரு படமும் வரைவதற்கு முன்னால்.

எங்கள் செஞ்சிப் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே மத்தளமும் முகவீணையும் சலங்கையும் வருகிறவர் யார் என்று சபைக்குச் சொல்லிவிடும். திரை விலகுவது பிறகுதான். விளையாட்டுக்கும் அந்த வரிசைதான் சரி.

இதில் நான் மிகவும் மதிக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். ஸ்வீடனைச் சேர்ந்த தோமஸ் பெட்டர்சன். ஜாம் உலகத்தில் டாக்டர் பெட்டர் என்ற பெயரில் அறியப்பட்டவர். லூடம் டேர் என்ற ஜாம் 2002-இல் தொடங்கியது. அதன் தனிநபர்ப் போட்டியில் விதி கடுமையானது: 48 மணி நேரம், தனி ஆள், படம், இசை, சத்தம் எல்லாமே அந்த நேரத்துக்குள் தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும், நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி கொடுக்க வேண்டும். 2007 டிசம்பரில் நடந்த 10-ஆவது லூடம் டேருக்காகப் பெட்டர்சன் ஒரு சின்ன மென்பொருளைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதன் பெயர் எஸ்.எஃப்.எக்ஸ்.ஆர். நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சத்தத்துக்காக அலையக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

அதில் 7 பொத்தான்கள். காசு எடுப்பது, சுடுவது, வெடிப்பது, பலம் கூடுவது, அடிபடுவது, குதிப்பது, பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம். அதையே மறுபடி அழுத்தினால் வேறு சத்தம், ஆனால் அதே இனம். குதிப்பதற்கு வருகிற சத்தம் கீழிருந்து மேலே ஏறும். அடிபடுவதற்கு வருவது மேலிருந்து கீழே சரியும். வெடிப்பு வெறும் இரைச்சலாகக் கிளம்பி மங்கும். காசுச் சத்தத்தில் சுருதி நடுவழியில் சட்டென்று ஒரு படி மேலே தாவும். இந்த இலக்கணத்தை யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை, ஆனால் ஒரு குழந்தைக்கும் புரிகிறது. ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. பெட்டர்சன் அந்தக் காதறிவை எடுத்து 7 பொத்தான்களில் வைத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. பக்கத்தில் நகர்த்துகிற கம்பிகள் இருக்கின்றன. சத்தம் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும், எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கலாம். என் விளையாட்டில் ஒரு பாத்திரம் கனமானது என்றால், குதிக்கிற சத்தத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துவேன். உடனே அந்த ஆள் கனத்துவிடுவார். படத்தில் ஒரு கோடுகூட மாறியிருக்காது. இதை நேரில் கேட்டவர்களுக்குத்தான் நான் சொல்வதன் அருமை தெரியும். பின்னால் ஸ்டீபன் லாவெல் இதை விரித்து பி.எஃப்.எக்ஸ்.ஆர். என்று கொண்டுவந்தார்; பிரவுசரிலேயே ஓடுகிற வடிவங்களும் வந்தன. விளையாட்டுகள் எத்தனையோ ஜாம்களில் பிறந்திருக்கின்றன. ஜாமுக்காகப் பிறந்த கருவிகளில் இதற்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

சத்தம் ஒரு விளையாட்டையே பெற்றெடுக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2009-இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாமில், 2013-ஆம் ஆண்டுக்கான தலைப்பை வார்த்தையாகக் கொடுக்கவில்லை. ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்கள். இதயத் துடிப்பு. வேறு எதுவும் சொல்லவில்லை. லண்டனில் பாஸா ஸ்டூடியோஸைச் சேர்ந்த சிலர் அந்தத் துடிப்பைக் கேட்டு இதய மாற்று அறுவை சிகிச்சையை நினைத்தார்கள். ஆடுகிறவர் மருத்துவரின் ஒரு கையை, விரல் விரலாக, தட்டுத்தடுமாறி இயக்க வேண்டும். 48 மணி நேரத்தில் செய்த அந்த விளையாட்டுதான் அதே ஆண்டு ஏப்ரலில் 'சர்ஜன் சிமுலேட்டர்' என்று விற்பனைக்கு வந்து உலகம் முழுக்க ஓடியது. தலைப்பை எழுத்தில் கொடுத்திருந்தால் இந்தக் கை பிறந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இனி, செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சிங்கவரத்துக் கதை. 2023 ஜூலையில் ஜி.எம்.டி.கே. ஜாம். இங்கிலாந்தில் மார்க் பிரவுன் என்பவர் நடத்துவது. அந்த ஆண்டுத் தலைப்பு, பாத்திரங்கள் இடம் மாறுவது. நாயகன் செய்வதை வேறொருவர் செய்ய வேண்டும். சிங்கவரத்தில் இருக்கிறவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? மலைமேல் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கிற ரங்கநாதர், செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் தெய்வம். போருக்கு விடைபெற வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி, சின்ன வயதிலேயே ராஜா மாண்டார். அந்தக் கதையில் ராஜாவாக எல்லோரும் ஆடலாம். நாங்கள் குதிரையாக ஆடச் சொன்னோம். கதைப்பாடலில் வருகிற அந்தப் பாராசாரிக் குதிரை.

முடிவானதும் லேப்டாப்பை மூடிவிட்டு, விடிந்ததும் செல்போனோடு மலைப்படிக்குப் போனோம். நானும், என் தம்பியும், அக்கா மகளும். கொட்டாங்கச்சி இரண்டை எடுத்துக் கருங்கல் படியில் தட்டித் தட்டிப் பதிவு செய்தோம். அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "மாமா, பாறையில ஓடுற குதிரையும் வயல்ல ஓடுற குதிரையும் ஒரே சத்தமா போடும்?"

அந்தக் கேள்விதான் எங்கள் விளையாட்டு. வரப்புக்கு இறங்கினோம், ஈர மண்ணில் தட்டினோம், காய்ந்த சருகின் மேல் தட்டினோம். வீட்டுக்கு வந்ததும் அக்கா முறத்தில் நெல்லைப் போட்டு ஆட்டினாள். செல்போனைத் தள்ளி வைத்துப் பிடித்தால் தூரத்தில் ஒரு படை நகர்வதுபோல் இருந்தது. ஈர்க்குச்சியைக் காற்றில் வீசினால் அம்பு. மைக்கில் காற்று அறையாமல் இருக்க ஒரு கைக்குட்டை. இவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ.

திரையில் என்ன காட்டினோம்? போர்க்களத்துப் புழுதி. அவ்வளவே. குதிரைக்குக் கண் தெரியாத புழுதி. அம்பு இடது காதில் வருகிறதா வலது காதில் வருகிறதா என்று கேட்டுத் திரும்ப வேண்டும். காலடியில் பாறை ஒலித்தால் வேகம் எடுக்கலாம், சேறு ஒலித்தால் அடக்கிப் போக வேண்டும். வரைய வேண்டிய வேலை பாதிக்குமேல் இல்லாமலே போயிற்று. மதில் இல்லை, மகால் இல்லை, பாலம் இல்லை. ஆனால் ஆடியவர்களில் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் முறை ஆடினேன் என்று எழுதியிருந்தார். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டியதில்லை. சத்தத்தை முதலில் செய்தால் எதை வரைய வேண்டாம் என்பது தெரிந்துவிடும். இரண்டு நாள் வேலையில் அதுதான் பெரிய சேமிப்பு.

    

பிரவுசரில் ஓடுகிற விளையாட்டு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரோம் போன்ற பிரவுசர்கள், ஆடுகிறவர் ஒரு முறை கிளிக் செய்யும்வரை சத்தத்தைத் திறப்பதில்லை. நேராக ஆட்டத்துக்குள் தள்ளினால் முதல் சில நொடிகள் ஊமையாகப் போகும். முகப்பில் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அந்தப் பொத்தானுக்கும் ஒரு சத்தம் கொடுங்கள். காதில் ஒலி வருகிறது என்று ஆடுகிறவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

டொரான்டோவில் இருந்து வந்த 'வெண்பா' என்ற விளையாட்டை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அது ஜாமில் செய்ததில்லை, வருடக்கணக்கான உழைப்பு. 2023-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை வாங்கியது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்துச் சமையலறை. அதில் இட்லித் தட்டு பாத்திரத்துக்குள் இறங்கும்போது வருகிற ஒலியை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நம் வீட்டுச் சத்தம் உலகத்துக்குப் புரியாது என்று தயங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

ஜனவரி கடைசியில் குளோபல் கேம் ஜாம் வரும். நேரில் கூடுகிற இடம் பக்கத்தில் இல்லையென்றால் லூடம் டேரிலோ ஜி.எம்.டி.கே.யிலோ வீட்டிலிருந்தே சேரலாம். லூடம் டேரில் ஒருவர் விளையாட்டுக்கு மற்றவர்கள் மதிப்பெண் போடும்போது, படத்துக்குத் தனி, சத்தத்துக்குத் தனி என்று போடுகிறார்கள். மதிப்பெண் போடுகிற அந்த வாரங்களில் சோம்பாமல் உட்கார்ந்து மற்றவர் விளையாட்டுகளை ஆடுங்கள். முதலில் ஒலியோடு ஆடுங்கள், பிறகு ஒலியை நிறுத்தி ஆடுங்கள். எந்த இடத்தில் கை தடுமாறியது என்று குறித்து, செய்தவருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். "படம் அழகு" என்று எழுத ஆயிரம் பேர் இருப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் கதவு மூடுகிற சத்தம் பயமாக இருந்தது என்று எழுத ஒருவர் போதும், அவர் அடுத்த ஜாமுக்கு மைக்கோடு வருவார்.