கணவாயைக் கடக்கும் மிதிவண்டி



நம் புதுக்கோட்டை மாவட்டம் பெரும்பாலும் சமவெளி. நார்த்தாமலையும் குடுமியான்மலையும் மலை என்று பெயர் பெற்றிருப்பினும், உண்மையில் அவை கற்குன்றுகளே. இங்கே மிதிவண்டியில் செல்வோருக்கு வெயிலும் எதிர்காற்றும்தாம் தடை. ஆதலின், மிக உயர்ந்த மலைச்சாலை ஒன்றில் மிதிவண்டிப் பயணம் எத்தகையது என்பதை நாம் கணக்கிட்டுத்தான் உணர்தல் வேண்டும். அந்தக் கணக்கை இன்று உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

லடாக்கிலுள்ள லே நகரிலிருந்து இமாசலப் பிரதேசத்து மணாலிக்கு ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. குளிர்காலத்தில் பனி அதனை மூடிவிடும். லே நகரமே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை முதலில் சிந்து நதிக்கரையை ஒட்டி வந்து, பின்னர் தக்லங் லா என்னும் கணவாய்க்கு ஏறுகிறது. ‘லா’ என்றாலே கணவாய் என்றுதான் பொருள். அதன் உயரம் 5,328 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவை ஏற்றி வைத்தாலும் அந்தக் கணவாயை எட்டாது! அதனைக் கடந்தால் மோரே சமவெளி. அப்பால் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட லாச்சுலுங் லா. பிறகு 21 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் பின் பாராலாச்சா லா. இறுதியில் நிற்பது ரோதங் கணவாய். அதன் அடியில் 2020ஆம் ஆண்டு ஒரு சுரங்கச் சாலை திறக்கப்பட்டது.

இந்நெடுவழியை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புனே நகரைச் சேர்ந்த பிரீதி மஸ்கே என்னும் அம்மையார் மிதிவண்டியில் தனியொருவராகக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 45; இரு மக்களுக்குத் தாய். 430 கிலோமீட்டர் தொலைவை 55 மணி 13 நிமிடத்தில் முடித்தார். அவருடைய விரைவைக் கண்டு நாடு வியந்தது. அந்த விரைவு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூட வரவில்லை! நம் ஊர்ப் பால்காரர் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இதைவிட விரைவாகச் செல்வார். அவ்வாறாயின் இதில் வியப்பு எங்கே இருக்கிறது?

முதற்காரணம் காற்று. உயரத்தில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நூற்றுக்கு 21 பங்கு என்பது அங்கும் மாறுவதில்லை. குறைவது காற்றின் அழுத்தம். ஆகவே தக்லங் லாவில் இழுக்கும் ஒரு மூச்சில், கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதியே கிட்டும். அந்த அரை மூச்சைக் கொண்டே கால்கள் வேலை செய்தாக வேண்டும். பிரீதி அம்மையாருக்கும் வழியில் இருமுறை மூச்சுத் திணறிப் பிராணவாயு கொடுக்க நேர்ந்தது. உடன் சென்ற உதவிக் குழுவினர் அதற்கு ஆயத்தமாக இருந்தனர்.

இரண்டாவது காரணம் ஏற்றம். நம் சாதாரண சைக்கிளில் மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீட்டர் செல்லும். மலையேறுவோர் பற்சக்கரத்தை மாற்றி, ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் அளவே செல்லுமாறு செய்துகொள்வர். செய்ய வேண்டிய வேலை இதனால் குறைந்துவிடாது. ஒரேயடியாகத் தூக்க முடியாத நெல்மூட்டையைப் பிரித்துப் பல நடையாகச் சுமப்பது போன்றது இது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச் என்பவர், இவ்வமைப்பு 45 வயதைக் கடந்தவர்க்கே உரியது என்று 1902இல் எள்ளி எழுதினார். அப்போட்டியின் தொழில்முறை வீரர்க்கு இதற்கான அனுமதி 1937இல்தான் கிடைத்தது. மெல்லச் செல்லுதல் இழிவு என்னும் எண்ணம் எத்துணை வலியது பாருங்கள்!

இவ்வெண்ணமே மலையில் உயிருக்கு உலை வைக்கிறது. சமவெளியிலிருந்து செல்லும் இளைஞருக்கு உயரத்தில் தலைவலியும் குமட்டலும் தோன்றலாம்; உறக்கமும் கெடலாம். அது உடல் தரும் எச்சரிக்கை. அதனைப் பொருட்படுத்தாது மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து, உயிரே போய்விடக்கூடும். மருத்துவர் கூறும் விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. உடல் நலமில்லையேல் ஏறலாகாது. நோய் மிகுந்தால் உடனே கீழிறங்க வேண்டும். விதியை அறிந்தவர்களும் தவறிவிடுகிறார்கள். ஏன்? தலைவலி என்று சொன்னால் தோழர்கள் நகைப்பார்களே என்று அஞ்சி மறைத்துவிடுகிறார்கள். ஐயம் கேட்டால் பிறர் சிரிப்பரோ என்று வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவரை நான் வகுப்பிலே பல்லாண்டு கண்டவன். அங்கே இழப்பது மதிப்பெண். மலையிலே இழப்பது உயிர். வலியறிதலுக்கு வள்ளுவர் தனியோர் அதிகாரமே வகுத்தது வீணுக்கன்று.

நகைப்புக்கு அஞ்சாதவர்களைக் காண நாம் இமயம் வரை போக வேண்டுவதில்லை. 1991ஆம் ஆண்டில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்றுக்கொண்ட பல்லாயிரம் பெண்களை எண்ணிப் பாருங்கள். குடுமியான்மலைப் பக்கத்துக் கல்லுடைக்கும் பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஏச்சும் ஏளனமும் அவர்களைத் தொடர்ந்தன. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதனையே விரும்பியவரும் உண்டு. விழுந்தால் சிரிப்பார்கள் என்று அவர்கள் வீட்டிலே இருந்துவிடவில்லை.

உங்களுள் ஒருவர் என்றேனும் அந்த மலைச்சாலைக்குச் செல்லலாம். செல்லவும் வேண்டும் என்பதே என் விருப்பம். போனவுடன் வண்டியில் ஏறாதீர்கள். லே நகரில் சில நாள் தங்கி உடலைப் பழக்குங்கள். சிறு பற்சக்கரத்தில் மெல்ல ஏறுங்கள். தலைவலி வந்தால் தோழரிடம் உடனே சொல்லுங்கள். தோழர் சொன்னால் நகையாதீர்கள். அவரைக் கீழே அழைத்து வாருங்கள். கணவாய் அங்கேயேதான் இருக்கும்; அடுத்த கோடையில் மீண்டும் ஏறலாம்.