கிரேக்க உரோம ஊக்குகள்

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் உடுத்த மேலாடைகளுட் பல தையலில்லாத் துணிகளே. துணியை மடித்து உடலிற் சுற்றித் தோளிற் பொருத்துவர். அப்பொருத்து அவிழாதிருக்க உலோக ஊக்கொன்றைச் செருகுவர். இலத்தீன் மொழியில் இதனைப் ‘பிபுலா’ என்பர். வில்லென வளைந்த முதுகு, கம்பிச் சுருள், கூரிய ஊசி, ஊசி முனையைத் தாங்கும் மடிப்பு என்பன இதன் உறுப்புக்கள். 1849 ஆம் ஆண்டில் அமெரிக்கரான வால்ட்டர் ஹண்ட் காப்புரிமை பெற்ற ஊக்கும் இம்முறையிலேயே இயங்குகின்றது.

இவற்றுட் பெரும்பாலானவை வெண்கலத்தாலானவை. உள்ளங்கையில் அடங்குவன, அழகு வாய்ந்தன, ஏராளமாகக் கிடைப்பன. ஆதலின் இவற்றை விரும்பிச் சேர்ப்போர் பலர். அறிஞர் விரும்புவதற்கோ வேறு காரணம் உண்டு. ஊக்கின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. அம்மாற்றங்களை வரிசைப்படுத்திக் காலங் கணிக்கலாம் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் ஒஸ்கார் மொந்தேலியுஸ் 19 ஆம் நூற்றாண்டிற் காட்டினார். உரோமப் படைவீரர் அணிந்த ஒருவகை ஊக்குகள் சிலவற்றில் ‘அவுக்கிசா’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய ஊக்கு ஒரு மண்படையிற் கிடைப்பின், அப்படை ஏறக்குறைய கி. பி. முதலாம் நூற்றாண்டினது என ஊகிக்கலாம். அந்த ஊக்கையே இடம் அறியாது கடையில் வாங்கினால், அஃது எம்மண்ணின் காலத்தையும் நமக்குச் சொல்லாது.

கிடைத்த இடம் தெளிவாக அறியப்படாமையால் விளையும் இடருக்குப் பிரேனெஸ்தே பொன்னூக்குச் சான்றாகும். கி. மு. 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதனை, வொல்ப்காங் ஹெல்பிக் என்னும் செர்மானிய அறிஞர் 1887 ஆம் ஆண்டில் அறிஞர் முன் வைத்தார். செய்தவன் பெயரும் யாருக்காகச் செய்தான் என்பதும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. இலத்தீன் மொழியின் மிகப் பழைய எழுத்துக்களுள் ஒன்றென அது போற்றப்பட்டது. ஆயினும், எக்கல்லறையில், எவர் முன்னிலையில் அது எடுக்கப்பட்டது என்பதற்கு ஐயமற்ற பதிவில்லை. 1980 இல் மார்கெரித்தா குவார்துச்சி என்னும் கல்வெட்டறிஞர் அது போலியென வாதிட்டார். பொன்னின் மேற்பரப்பை நுணுகி ஆராய்ந்த அறிவியலாளர், ஊக்கும் எழுத்தும் உண்மையானவையே என 2011 இல் அறிவித்தனர். அகழ்ந்தவர் அன்றே எழுதிவைத்திருந்தால் இவ்வழக்கு எழுந்திராது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களை, இடமும் படமுமாகப் பதியும் திட்டமொன்று 1997 இல் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான உரோம ஊக்குகள் அதனாற் பதிவு பெற்றுள்ளன. பொருள் கண்டெடுத்தவர் கையில் இருப்பினும், அதன் வரலாறு எல்லார்க்கும் உரியதாகின்றது.

ஆதலின், ஊக்குகளைச் சேர்க்க விழைவோர், விலையைக் கேட்குமுன் அது கிடைத்த இடத்தைக் கேட்பாராக. விடை கிடையாதாயின் அதனை வாங்காது விடுதலே நன்று. வாங்குவோர் உள்ளவரை, பதிவின்றித் தோண்டுவோரும் இருப்பர்.