படத்தை எடுத்தது யார்?

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "சார், இது எம்.ஜி.ஆர். படம், அது சிவாஜி படம் என்கிறோமே, படத்தை எடுத்தது யார்?" டைரக்டர் என்றேன். அவன் விடவில்லை. "நடிக்கிறது அவர் இல்லை, பாட்டு எழுதுறது அவர் இல்லை, காமிராவைப் பிடிக்கிறதும் வேற ஆள். அப்படின்னா அவருக்கு என்ன சார் வேலை?" நல்ல வேளை, அந்நேரம் பள்ளி மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

டைரக்டர் என்றதும் நம்மில் பலருக்கு மனத்தில் தோன்றுபவர், பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களை அதட்டும் மண்டோரைப் போன்ற ஒருவர். உண்மையில் அவர் வேலை என்ன என்பதை, தமிழே தெரியாமல் தமிழ்ப் படம் எடுத்த ஒருவரைக் கொண்டு விளக்கலாம்.

அவர் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்கர். தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படக்கலை பயின்றவர். உடன் படித்த மாணிக் லால் டாண்டன் என்ற இந்திய நண்பரோடு 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் 1950 வரை தங்கித் தமிழ்ப் படங்களை எடுத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி', எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை', 'மீரா' ஆகியவை அவர் எடுத்த படங்கள்.

அவருடைய முதல் தமிழ்ப் படம் 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய படமும் அதுதான். சிறியதொரு போலீஸ் அதிகாரி வேடம். ஆனால் நமக்கு அந்தப் படத்தில் வேறொரு சொந்தமும் உண்டு. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை அது. குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டோம் என்று அஞ்சி இலங்கைக்கு ஓடிப்போகும் ஒருவன், அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைக்கிறான். தோட்டத்துத் தமிழனின் பாடு அத்தனை காலத்துக்கு முன்பே திரைக்கு வந்திருக்கிறது. அதை எடுத்தவரோ தோட்டத்தையும் தமிழையும் அறியாத ஓர் அமெரிக்கர்!

எப்படி முடிந்தது? வசனத்தின் பொருளை எடுத்துச் சொல்லப் பக்கத்தில் தமிழ் தெரிந்த உதவியாளர்கள் இருந்தார்கள். சொல்லை அவர்கள் கவனித்தார்கள். இவர் கவனித்ததெல்லாம் முகம், கை, நடை, வெளிச்சம். அந்தக் காலத்துப் பேசும் படங்கள் பெரும்பாலும் மேடை நாடகத்தை அப்படியே பிடித்து வைத்தவை. காமிரா ஓரிடத்தில் நிற்கும். நடிகர்கள் அதன் எதிரே வந்து உரக்கப் பேசிப் பாடிவிட்டுப் போவார்கள். டங்கன் காமிராவை நகர்த்தினார், முகத்தின் அருகே கொண்டு போனார். முகம் பெரிதாகத் தெரிந்துவிட்டால் நடிகர் கத்த வேண்டியதில்லை அல்லவா? 1945-இல் வந்த 'மீரா' படத்துக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் போலவே ஒரு சிலை செய்யச் சொல்லி, அதன்மீது பல பக்கங்களிலிருந்தும் விளக்கொளியைப் பாய்ச்சி, எந்த ஒளியில் அந்த முகம் எப்படித் தோன்றுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்.

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். பால் வெட்டும் தாய், படிக்கும் மகள். வசனம் அடியேன்தான். லகர ளகர ழகரம் பிசகக் கூடாது என்று ஒத்திகையில் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தினேன். விழாவன்று ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. கடைசியில், வந்த கடிதத்தை மகள் தாய்க்குப் படித்துக் காட்டும் இடம். அந்தச் சிறுமி சபைக்கு முதுகைக் காட்டி நின்று படித்து முடித்தாள். மறுநாள் அவளுடைய பாட்டி என்னிடம் சொன்னார்: "வாத்தியாரையா, பேத்தி நல்லாத்தான் பேசினா. ஆனா அழுதாளா சிரிச்சாளான்னுதான் தெரியல." ஒத்திகையிலெல்லாம் அவள் அப்படியேதான் நின்றிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த நான் காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டியின் கண்ணாக நான் இருந்திருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் டைரக்டர்.

இன்னொன்றும் உண்டு. படத்தைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. லயத்து வாசலில் தகப்பன் விடைபெற்றுப் போகிறான். இருபது ஆண்டு கழித்து அதே வாசலுக்குத் திரும்புகிறான். இரண்டையும் ஒரே காலையில் எடுத்துவிடுவார்கள், இடம் ஒன்றுதானே! இடையில் நடப்பவை இன்னும் எடுக்கப்படவே இல்லை. நடிகருக்கு நரை ஒட்டினால் போதும், அந்த இருபது ஆண்டு துயரம் எவ்வளவு என்பதை யார் நினைவில் வைத்திருப்பது? முழுப் படத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தவர் அங்கே ஒருவர்தான்.

டங்கன் கதையைத் திருப்பிப் போட்டது போன்ற ஒரு செய்தி நம் பக்கத்திலும் உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் 1947-இல் தொடங்கிய ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களை எடுக்க இந்தியாவிலிருந்து டைரக்டர்களை வரவழைத்தார்கள். பி.எஸ். ராஜ்ஹன்ஸ் எடுத்த 'சிந்தா' படத்தில் 1948-இல் பி. ரம்லி அறிமுகமானார். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய படம் 1950-இல் வந்த 'பக்தி'. பெயரைக் கேட்டாலே நமக்குப் பொருள் விளங்கும்! அதை எடுத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். இவர்களின் கீழ் நடித்து வந்த ரம்லி, 1955-இல் 'பெனாரிக் பெச்சா' என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். தமிழில் ரிக்‌ஷாக்காரன் என்று சொல்லலாம். உழைத்துப் பிழைக்கும் ஓர் ஏழையின் கதை.

அந்த மாணவனுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் அடுத்த முறை படம் பார்க்கும்போது, அழுகைக் காட்சி ஒன்று வந்தால், உங்கள் பிள்ளைகளையும் இதைச் செய்யச் சொல்லுங்கள். காமிரா எத்தனை முறை இடம் மாறுகிறது என்று விரல் விட்டு எண்ண வேண்டும். எந்த நேரத்தில் கிட்டே வருகிறது, எந்த நேரத்தில் விலகிப் போகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் மாணவன் பதினேழு வரை எண்ணினானாம். அதற்குள் அவனுடைய அம்மா அழத் தொடங்கிவிட்டாராம். எண்ணிக்கை தவறிவிட்டது என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டான்.