பனாமாவின் வெள்ளி நாணயம்



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. காசு என்பது ஒன்று. நேர்மை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்ற வரலாறு ஒன்றை இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

1903 நவம்பர் 3ஆம் நாள் பனாமா, கொலம்பியாவினின்று பிரிந்து தனிக் குடியரசாயிற்று. மறு ஆண்டே அது தனக்கென ஒரு நாணய முறையை வகுத்துக்கொண்டது. 1513இல் பசிபிக் பெருங்கடலைக் கண்ட ஸ்பானியராகிய பால்போவாவின் பெயரே பண அலகுக்கும் பெயராயிற்று. ஒரு பால்போவா, அமெரிக்கப் பொன் டாலர் ஒன்றுக்கு நிகர். அதன் நூற்றில் ஒரு பங்கு சென்டெசிமோ.

வெள்ளிக் காசுகள் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையில் அச்சாயின. அவற்றுள் பெரியது 50 சென்டெசிமோ. எடை 25 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. மக்கள் அதனைப் பேசோ என்றனர். மிகச் சிறியது இரண்டரை சென்டெசிமோ. எடை ஒன்றேகால் கிராம்; குறுக்களவு 10 மில்லிமீட்டரே! அதற்கு ‘பனாமா மாத்திரை’ என்றொரு செல்லப்பெயரும் வாய்த்தது.

1904இல் அமெரிக்கா கால்வாய்ப் பணியை மேற்கொண்டது. பார்படோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளினின்று பல்லாயிரம் கறுப்பினத் தொழிலாளர் வந்து குவிந்தனர். அமெரிக்கர்க்குப் பொன் மதிப்புள்ள அமெரிக்கப் பணத்தில் சம்பளம். ஏனையோர்க்குப் பனாமா வெள்ளியில் கூலி. இரண்டு பேசோ ஒரு டாலருக்குச் சமம். ஆகவே உலோக வேறுபாடு மட்டும் அநீதியன்று. அதனைச் சாக்காகக் கொண்டு எழுந்த பிரிவினையே அநீதி.

‘பொன் பட்டியல்’, ‘வெள்ளிப் பட்டியல்’ என்னும் சம்பளப் பெயர்கள் நாளடைவில் வெள்ளையர், கறுப்பர் என்றே பொருள்பட்டன. கடை வேறு, குடியிருப்பு வேறு, பள்ளி வேறு. அஞ்சலகச் சாளரமும் வேறு! நிறத்தின் பெயரை வெளிப்படக் கூறாமலே நிறவேற்றுமை அங்கு நிலைபெற்றது. வெள்ளிக் காசில் கூலி தரும் வழக்கம் மறைந்த பின்னும் அப்பெயர்கள் மறையவில்லை. 1914இல் கால்வாய் திறக்கப்பட்டு, 1940களிலும் அவை வழங்கின.

‘உலக நலனுக்காக’ என்பது பனாமா நாட்டுச் சின்னத்தில் பொறித்த வாசகம். அந்த நலனுக்காக மண்ணை வெட்டியோரில் பெரும்பாலோர் வெள்ளிப் பட்டியலினர். அருங்காட்சியகத்தில் பழங்காசு ஒன்றைக் காணும்போது, அதன் எடையையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அது யாருக்குக் கூலியாயிற்று என்பதையும் கேளுங்கள். வரலாறு அந்த வினாவில்தான் தொடங்குகிறது.