கழுத்துத் தடம் சொல்லும் சாட்சி



நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் மாண்டுபோனால், “வயிற்றுவலி தாங்காமல் தூக்குப் போட்டுக்கொண்டாள்” என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் எரித்தும் விடுகிறார்கள். எரிந்துபோவது உடல் மட்டுமல்ல, சாட்சியும்தான்!

கதிர்க்கட்டைக் கயிற்றால் இறுக்கினால் தடம் சுற்றிலும் மட்டமாக விழுகிறது. கிணற்றில் வாளியைத் தொங்கவிட்டால் கயிறு மேல்நோக்கிப் போகிறது. கழுத்திலும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். தூக்கில் தொங்கியவருக்குத் தடம் தாடையை ஒட்டி, முடிச்சை நோக்கிச் சரிவாக ஏறும், முடிச்சருகே விட்டுப்போகும். பிறர் கயிற்றால் நெரித்திருந்தால், குரல்வளைப் பக்கம் தாழ்வாக, மட்டமாகக் கழுத்தைச் சுற்றிவரும். கையால் நெரித்திருந்தால் விரல் பதிந்த கன்றலும், பிறைபோன்ற நகக்கீறலும் காணலாம்.

ஆனால் மெல்லிய துணியால் நெரித்தால் வெளியே தடமே இல்லாமலும் போகலாம். ஆகவேதான் டாக்டர் முதலில் தலையையும் மார்பையும் திறந்து ரத்தத்தை வடியவிட்டு, பிறகு கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாவின் அடியில் லாடம்போல் ஒரு சிற்றெலும்பு உண்டு. அது முறிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். முறியவில்லை என்பதால் நெரிக்கவில்லை என்று ஆகிவிடாது. இளம் வயதில் அது வளைந்து கொடுக்கும்.

கோகுல்ராஜை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில், தலை துண்டான நிலையில் கிடந்தார் அந்தத் தலித் இளைஞர். தற்கொலை என்று காட்டக் கடிதமும் தயாராக இருந்தது. தாயார் விடவில்லை. கடைசியில் இதே மதுரையின் தனி நீதிமன்றம், 2022 மார்ச்சில், அது கொலையே என்று தீர்த்து 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்து, அதில் சந்தேகம் இருந்தாலோ, உறவினர் கேட்டாலோ, பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஆகவே வாயால் கேட்டு நிற்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

இன்னொன்று. நெரிபட்டுப் பிழைத்த பெண்ணுக்குக் குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க வலித்தாலோ, “சரியாகிவிடும்” என்று வீட்டில் வைத்திராதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தால், சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எப்படி நெரிபட்டது என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள்.

செத்தவர் பேசமாட்டார், தோழர்களே. அவர் கழுத்து பேசும். அதைப் பேசவிடுவது நம் பொறுப்பு!