மருந்தாய்வும் உயிரோம்பலும்



புற்றுநோய் புகுந்த சமண இல்லங்களில் நோயோடு மற்றொரு கவலையும் சேர்வதுண்டு. நரம்பில் ஏற்றப்படும் மருந்து, ஐயறிவு உயிர்களை வருத்தி ஆராயப்பட்டதாயிற்றே. அதனை ஏற்பது அறமாகுமா என்பதே அக்கவலை. விடை காணுமுன், அவ்வுயிர்கள் அளித்த சான்று எத்தகையது என்பதை அறிதல் நன்று.

சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து மனிதரின் சிறுநீரகத்தைத் தாக்க வல்லது; கடும் வாந்தியையும் உண்டாக்கும். நாய்க்கும் சிறுநீரகத் தீங்கு உண்டு. ஆயினும் உரிய அளவில், போதிய நீரேற்றத்துடன் அளித்தால் அது தாங்கிக்கொள்ளும். பூனைக்கோ நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகும். எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தியெடுக்கும் இயல்பே இல்லை. நோயாளி மிகவும் அஞ்சும் துன்பத்தை எலியின் உடல் அவ்வாறு காட்டாமையால், ஆய்வாளர் ஃபெரெட் என்னும் வேறொரு விலங்கை நாடினர்.

ஓரினத்துள்ளும் ஆண், பெண் வேறுபாடு உண்டு. டாக்சோரூபிசின் மருந்தால் ஆண் எலியின் இதயம் பெண் எலியின் இதயத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கெடுகிறது. மனிதருள் ஃபுளூரோயூராசில் மருந்தின் தீய விளைவுகள் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இருந்தும் நெடுங்காலம் பல ஆய்வுகள் ஆண் விலங்குகளை மட்டுமே கொண்டு நடந்தன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம், தன் நிதியுதவி பெறும் ஆய்வுகள் இருபாலையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 2016 முதலே எதிர்பார்க்கத் தொடங்கியது.

இவற்றால் விலங்காய்வு முற்றிலும் பொய் என்று ஆகாது. எடையை விடுத்து உடற்பரப்பைக் கொண்டு அளந்தால், பல மருந்துகளின் தாங்கும் அளவு சுண்டெலி முதல் மனிதர் வரை ஓரளவு நெருங்கி வருவதை 1966இல் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டிற்று. ஒவ்வோர் உடலும் உண்மையின் ஒரு பக்கத்தையே காட்டுகிறது. அநேகாந்தம் உணர்ந்தோர்க்கு இது புதிதன்று. பொருந்தாத உடலிடம் கேட்ட வினாவுக்காக ஓருயிர் மாயுமாயின், கொலையும் நிகழ்கிறது, உண்மையும் கிட்டுவதில்லை.

நோயாளி மருந்தை மறுக்க வேண்டுவதில்லை. இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் கருதிக் கொல்லுதலை விலக்குகிறது. நோயுற்றவர் எவ்வுயிரையும் கருதிக் கொன்றவர் அல்லர். அவர் மருந்தை மறுப்பதால் மாண்ட உயிர் மீளப்போவதுமில்லை.

கடமை நலமுடன் இருப்போருடையது. இயலுமிடத்தெல்லாம் விலங்காய்வைத் தவிர்க்கவேண்டும் என்கிறது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். ஆய்வு நிறுவனங்களின் விலங்கு நெறிமுறைக் குழுக்களில் அறிவியலாளர் அல்லாத சமூக ஆர்வலர் ஒருவருக்கும் இடமுண்டு. உயிரணு வளர்ப்பு, கணினிக் கணிப்பு போன்ற மாற்றுமுறைகளை 2023இல் திருத்தப்பட்ட இந்திய மருந்து விதிகளும் ஏற்கின்றன. சமண இளைஞர் அத்துறைகளைப் பயில்க. பெரியோர் அக்குழுக்களில் அமர்க. இந்த விலங்கு இந்த வினாவுக்கு விடை தருமா, இருபாலும் எண்ணப்பட்டனவா, உயிர் வருத்தாமல் அறிய இயலாதா என்னும் மூன்று வினாக்களையும் அங்கே தவறாது எழுப்புக. அவ்வினாக்களால் ஒரு கூண்டு வெறுமையானாலும் அது அறத்தின் வெற்றியே.

அறம் வெல்க!