ஆடவர்க்கு வரும் அழைப்பு
(ஜூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற ஆடவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தேவ அழைத்தல் என்றதும் நம் மனம் குருமடத்தையும் கன்னியர் மடத்தையுமே நாடிப் போகிறது. அழைக்கப்பட்டவர்கள் அவர்கள், நாமோ குடும்பஸ்தர், பிழைப்பைப் பார்க்க வேண்டியவர்கள் என்று ஒதுங்கிக்கொள்வது ஆண்களுக்கு வசதியான வழக்கமாகிவிட்டது. ஞாயிறு பூசையில் பெண்கள் முன்னே முழந்தாளிட்டிருக்க, ஆண்களில் ஒரு பகுதியார் பிரசங்கம் முடியும் வரை வாசற்படியில் நிற்பதை நாம் காணாமலில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, 1964-ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், அர்ச்சியசிஷ்ட நிலைக்கான அழைப்பு விசுவாசிகள் யாவருக்கும் உரியதென்று ஓர் அதிகாரம் முழுவதும் போதித்திருக்கிறது. குடும்பஸ்தருக்கு அதில் விலக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

இதற்குச் சாட்சி தேடி நாம் ரோமைக்குப் போக வேண்டியதில்லை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியுள்ளவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் அலுவல் பார்த்தவர். கால்நடைகள் மடிந்து, பொருள் நஷ்டமாகி, மனம் வாடியிருந்த காலத்தில் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னவர் யார்? ஒரு சாமியாரா, உபதேசியாரா? இல்லை. 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த தெலனாய் என்னும் கத்தோலிக்கப் போர்வீரர். வேலை செய்யும் இடத்தில், துன்பத்திலிருந்த ஒருவரிடம் மற்றொருவர் பேசினார்; அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பேச்சின் பலனாக 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்று, அவர் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயரோடு திருமறையில் சேர்ந்தார். நம்மோடு கடையிலும் ஆபீசிலும் பஸ்ஸிலும் இருப்பவர் மனமுடைந்து பேசும்போது நாம் என்ன சொல்லுகிறோம்? பெரும்பாலும் விலைவாசியைப் பற்றித்தான்.

1749-ல் அவர் கைதானதும், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டதும், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டதும் நீங்கள் சிறு வயது முதல் கேட்டவை. ஆனால் கைதாவதற்கு முன் கழிந்த ஏறக்குறைய நான்கு ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அக்காலத்தில்தான் அரண்மனை அலுவலரான அவர், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். மேல்சாதியாரின் சினத்தைக் கிளப்பியவற்றுள் அதுவும் ஒன்று. துப்பாக்கிக்கு முன் நிற்கும் தைரியம் அவருக்கு ஒரே நாளில் வந்ததன்று. அண்டை அயலார் முகம் சுளித்த சமயங்களில் பின்வாங்காமலிருந்து பழகிய தைரியம் அது.

அடுத்து நாம் சொல்லப்போவது கசப்பானது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் எழுந்த கோயில் சாதிக்கு ஒரு பகுதியாக இரண்டு கிளைகளோடு கட்டப்பட்டது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு! 1910-ல் பங்குக் குரு அந்தத் தடுப்பை அகற்றியபோது வழக்கு மன்றம் வரை போனவர்களும் ஞானஸ்நானம் பெற்ற ஆண்களே. 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, சாதிப் பட்டத்தை நீக்கி தேவசகாயம் என்ற பெயராலேயே திருச்சபை அவரை அழைத்தது. நாமோ இன்னும் கலியாணப் பத்திரிகையில் அந்த வாலை விடாமல் அச்சடிக்கிறோம்.

சகோதரர்களே, இந்த ஜூபிலிக்காக நீங்கள் சுண்ணாம்பு அடித்தீர்கள், பந்தல் போட்டீர்கள், இரவெல்லாம் கண் விழித்தீர்கள். அந்த உழைப்புக்கு ஆண்டவர் கூலி கொடுப்பார். ஆனால் தேர் வடத்தை முதலில் தொடுவது யார், முதல் மாலை எந்தத் தெருவுக்கு என்ற பேச்சு நம் காதுக்கும் எட்டியிருக்கிறது. பெரியவர்கள் சிலர் வந்து, பழைய பட்டியலையே வாசித்துவிட்டால் சச்சரவு வராது என்றார்கள். சச்சரவு வராதுதான். பட்டியலில் இடமில்லாத தெருவார் நூறு வருஷம் வாய் திறக்காமல் வரி கொடுத்தால் சச்சரவு எப்படி வரும்?

ஆகவே இவ்வருஷம் பட்டியல் இல்லை. முதல் மாலையும் இல்லை. வந்த மாலைகளெல்லாம் தேருக்கே. நாளை மாலை ஆறு மணிக்கு மந்திரிப்பு முடிந்ததும் வடம் முற்றத்தில் கிடக்கும். கோவில்பிள்ளை மணி அடித்தவுடன், அருகே நிற்பவர் எவரோ அவர் குனிந்து எடுக்கலாம்.